இரண்டு சிப்பம், ஒரு செங்கல்

"ஆறு மணிக்குள்ள ஏதாவது கொண்டு வந்தா பாக்கேன் மேடம். இல்லேன்னா முத்துகுமரன் பேரையும் கேஸ்ல எழுதிருவேன். அதுக்கு மேல என்னால தாக்காட்ட முடியாது."

இன்ஸ்பெக்டர் ரிஃபாத் போனை வைத்தபோது மணி இரண்டரை. வேல்விழி செங்கோட்டை ரோட்டில் இருந்த முத்துகுமரனின் வீல் அலைன்மென்ட் ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி அவன் மனைவி சந்தனமாரி மூன்று தரம் ஸ்டூலை இழுத்துப் போட்டாயிற்று. வேல்விழிக்கு உட்காரத்தான் முடியவில்லை. வெளியே சாரல் வருவதும் ஓய்வதுமாக இருந்தது. அது வந்தால் வாசலுக்குப் போனாள், ஓய்ந்தால் உள்ளே வந்தாள். நாற்பத்தொரு வயதில், தென்காசியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் இப்படிக் கால் பாவாமல் அலையலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அலைச்சல் மட்டும் நிற்கவில்லை.

விஷயம் சின்னது, முடிச்சுத்தான் இறுகலாக இருந்தது. வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஐந்தருவி வளைவில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ரோட்டை விட்டு இறங்கி, மங்குஸ்தான் விற்கிற அய்யாக்குட்டியின் தள்ளுவண்டியையும் அவருடைய வலது காலையும் முறித்துப் போட்டது. ஓட்டியவர் குத்துக்கல்வலசை காண்ட்ராக்டர் இசக்கிதுரை. ஓட்டியது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கையோடு ஒரு புகாரும் கொடுத்தார். நான்கு நாளைக்கு முன்னால் முத்துகுமரன் அலைன்மென்ட் பார்த்ததிலிருந்து கார் இடது பக்கமாக இழுக்கிறது, தினமும் மல்லுக்கட்டித்தான் ஓட்டினேன், அன்றைக்குக் கை தவறிவிட்டது என்று.

முத்துகுமரன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தான். "நான் சரியாத்தான் செஞ்சேன்." அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

"அக்கா, இங்கன ஒரு மளிகைக் கடை இருக்கு" என்று லிஃப்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எபனேசர். வேல்விழியின் உதவியாளன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். மணமேடையில் யார் எதற்காக அழுகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் அவனுக்கு. வாய்க்கு மட்டும் ஒரு மூடி வாங்கிப் போட வேண்டும்.

லிஃப்ட் ஓரமாக இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் ஐந்தாறு அடுக்கியிருந்தன. சாக்கெல்லாம் கிரீஸ் கறை. பக்கத்தில் நான்கு செங்கல்.

"சாப்புடதுக்கா இது?" என்று கேட்டாள் வேல்விழி.

"அதைப் பொங்கித் தின்னா வயித்துக்குள்ள நட்டு போல்ட்டுதான் முளைக்கும்" என்றாள் சந்தனமாரி. அழுது வீங்கிய முகத்திலும் ஒரு கணம் எரிச்சல் எட்டிப் பார்த்தது. "மூணு வருசமா அப்படியே கெடக்கு. தாழ்த்துன வண்டி வந்தா மட்டும் எடுப்பாக. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோட தரையா எறக்கிருதாங்கல்லா, அதுல ஆள் ஏறி உக்காந்ததும் சக்கரத்தோட சாய்மானமே மாறிப் போவும். அதனால ஓட்டுத ஆளு எத்தன கிலோவோ அத்தனைக்குச் சிப்பத்தைச் சீட்டுல வச்சுட்டுத்தான் முறுக்குவாக. வெறும் வண்டிக்கு வச்சா வெறும் வண்டிதான் நேரா போவும், ஆளு போவ மாட்டாம்பாக."

"அண்ணாச்சி பெரிய தத்துவஞானியால்லா இருக்காரு" என்றான் எபனேசர்.

வேல்விழி லிஃப்டின் இரும்புத் தூணைப் பார்த்தாள். அதில் சாக்பீஸால் வரிசையாகக் கிறுக்கியிருந்தது. ஒவ்வொரு தாழ்ந்த காருக்கும் ஒரு வரி. கடைசி வரியில் சிவப்பு சாக்பீஸால், 'கேரளா வண்டி, சிப்பம் 2, செங்கல் 1.'

இசக்கிதுரையின் கார் கொச்சியில் வாங்கியது.

"ரெண்டு சிப்பம் அம்பது. செங்கல் ஒண்ணு, மூணு கிலோ. மொத்தம் அம்பத்து மூணு கிலோ" என்றாள் வேல்விழி. "எபனேசர், நீதான அவர் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வீடியோ எடுத்தே. இசக்கிதுரை எத்தன கிலோ இருப்பாரு?"

"அவரைப் படத்துக்குள்ள முழுசாக் கொண்டு வரதுக்கு நான் தெருமுனை வரைக்கும் பின்னாலயே நடந்தேன் அக்கா. நூத்திப் பத்துக்குக் கொறையாது."

வேல்விழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நான்கு சிப்பமும் மூன்று செங்கலும் வைக்க வேண்டிய இடத்தில் பாதியைத்தான் வைத்திருக்கிறான். முத்துகுமரனைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவனைக் கட்டிப்போடும் கயிறுதான் கையில் கிடைத்திருக்கிறது.

சந்தனமாரிக்கும் அது புரிந்துவிட்டது. போய் ஈரத்துணியை எடுத்தாள். தூணை நெருங்கிய அவள் கையை வேல்விழி எட்டிப் பிடித்தாள்.

"விடுங்க. அழிச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க எங்க பக்கம்தான?"

வேல்விழி அவள் கையிலிருந்து துணியை வாங்கி ஸ்டூல் மேல் போட்டாள். "முத்துகுமரன் எண்ணத் தெரியாத ஆளு இல்லம்மா" என்றாள். "நூத்திப் பத்துக்கு அம்பத்து மூணு வைக்க மாட்டான். அப்போ யாருக்கு வச்சான்? அதைத்தான் பாக்கணும். இது இருக்கட்டும்."

மேஜை இழுப்பறையில் அலைன்மென்ட் ரிப்போர்ட் இருந்தது. வந்தபோது இருந்த அளவு, போகும்போது இருந்த அளவு. வந்தபோது பின்சக்கரம் இரண்டும் வெளியே பார்த்து நின்றிருக்கின்றன. டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. போகும்போது எல்லாம் சரி. தாளின் மூலையில் முத்துகுமரனின் கையெழுத்து, வண்டி கொண்டுவந்தவர் சொன்ன குறை: 'ஐந்தருவி ரெண்டாவது வளைவுல பின்பக்கம் லேசா நழுவுது. ஈரத்துல மட்டும்.'

வேல்விழி அதை இரண்டு தரம் படித்தாள். ஈரத்தில் மட்டும் என்று சொல்ல வேண்டுமென்றால் காய்ந்த ரோட்டிலும் ஈர ரோட்டிலும் அதே வளைவை எத்தனை தடவை ஓட்டியிருக்க வேண்டும்!

குத்துக்கல்வலசைக்குப் போகும் வழியெல்லாம் அவளுடைய பழைய கார் இடது பக்கம் இழுத்தது. ஒரு வருஷமாகவே இழுக்கிறது. வலது கையை இறுக்கிப் பிடித்து ஓட்டப் பழகிவிட்டாள். ராத்திரி படுக்கும்போது தோள் ஏன் வலிக்கிறது என்று மட்டும் யோசிப்பாள்.

இசக்கிதுரை வீட்டுக்கு முன்னால் தெருக்காரர்களே தார் கொட்டிப் போட்ட வேகத்தடை ஒன்று. உயரம் கொஞ்சநஞ்சமில்லை. கார் அதில் ஏறி இறங்கியபோது எபனேசரின் தலை கூரையில் இடித்தது.

"ஸ்தோத்திரம்" என்றான்.

இசக்கிதுரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. குரலில் அதட்டல் இருந்தது, கண்ணில் இல்லை. அந்தக் கண் ரோட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அய்யாக்குட்டிக்கு ஆசுபத்திரிச் செலவு பூரா நான்தான் பாக்கேன். ஓடி ஒளியல. ஆனா தப்பு செஞ்சவன் தப்பு செஞ்சவன்தான? தெனமும் சாயங்காலம் அதுல ஒரு ரவுண்டு போறவன் நான். ஒரு வருசமா ஓட்டுதேன். என் கைக்குத் தெரியாதா?"

"முத்துகுமரன்ட்ட வண்டியை நீங்கதான் கொண்டு போனீங்களா அண்ணாச்சி?"

"பின்னே?"

"என்ன குறைன்னு சொன்னீங்க?"

அவர் ஒரு நொடி தடுமாறினார். "இழுக்குதுன்னுதான்."

"அது அலைன்மென்ட் பாத்ததுக்கு அப்புறம்லா. அதுக்கு முன்னால?"

"முன்னாலயுந்தான் இழுத்துச்சு. எல்லாத்தையுமா நெனப்பு வச்சிருப்பாங்க?"

அப்போது தெருமுனையில் ஒரு ஸ்கூட்டி திரும்பியது. மெலிந்த, முப்பத்தைந்து வயதுப் பெண். கால் வைக்குமிடத்தில் காய்கறிப் பை. வேகத்தடைக்கு வந்ததும் அவள் ஸ்கூட்டியை மெதுவாக்கி, நேராக ஏறாமல் ஹேண்டிலைத் திருப்பிக் கோணலாக ஏறி, கோணலாகவே இறங்கினாள். இறங்கியதும் நேராக்கிக்கொண்டு காம்பவுண்டுக்குள் வந்தாள்.

"என் வீட்டுக்காரி, உமா மகேஸ்வரி" என்றார் இசக்கிதுரை. பிறகு மணியைப் பார்த்தார். "நான் கெளம்பணும். அஞ்சரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். வக்கீலைப் பாத்துட்டுப் போறேன்." அவர் ஏறிக் கிளம்பிய ஜீப் வேகத்தடையில் நேராக ஏறித் தொப்பென்று விழுந்து போயிற்று.

எபனேசர் தாடையைச் சொறிந்தான். "அக்கா, அந்த மதினி எதுக்கு ஸ்கூட்டியை அப்படிக் கோணலா ஏத்துனாவ? அதுக்கு ரெண்டே சக்கரம், ஒண்ணு பின்னால ஒண்ணு. கோணலா ஏறுனா என்ன, நேரா ஏறுனா என்ன?"

"ஸ்கூட்டிக்கு ஒண்ணுமில்ல. தாழ்ந்த காரை நேரா ஏத்துனா அடிவயிறு தட்டும். கோணலாத்தான் ஏத்தணும், ஒவ்வொரு சக்கரமா." வேல்விழி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கை பழகிட்டா அது என்ன வண்டின்னு பாக்காது எபனேசர்."

"அப்போ அம்பத்து மூணு கிலோ காய்கறிப் பையோட உள்ள போயிருக்கா" என்றான் அவன். முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னான்.

உமா மகேஸ்வரி கார் ஷெட்டில் இருந்தாள். காலியாகக் கிடந்த ஷெட்டில், மடித்துப் போட்ட கார் உறையை உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். வேல்விழி தன்னை யாரென்று சொன்னாள். "முத்துகுமரன் உங்களைக் காட்டிக் குடுக்கல" என்றாள். "ஆறு மணிக்கு அவனை உள்ள வச்சிருவாங்க."

"நீங்க யாரைப் பத்திப் பேசுதீங்கன்னே எனக்குத் தெரியல."

"ஐந்தருவி ரெண்டாவது வளைவுல பின்பக்கம் நழுவுதுன்னு சொன்னது நீங்கதானே?"

உமா உறையின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். வேல்விழி என்ன கேட்டாலும் இனி இந்தக் கதவு திறக்காது என்று பட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து கணவர். தினமும் இதே நேரம், இதே கேள்வி.

"எங்க இருக்க?"

"வீட்லதாங்க."

"என்ன சத்தம் அங்க?"

"டிவி" என்றாள் வேல்விழி. அலுவலகத்தை மூடிவிட்டேன் என்று போன வருஷமே அவரிடம் சொல்லியாயிற்று. அதன் பிறகு நித்தமும் ஒரு டிவி, ஒரு குக்கர், ஒரு பக்கத்து வீட்டுக்காரி என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழிக்குக் காது சுட்டது.

உமா சிரித்துவிட்டாள். கேலியில்லாத சிரிப்பு.

"அவரு விடியுமுன்ன நாலரைக்கு ஜீப்புல புனலூர் சைட்டுக்குப் போவாரு" என்றாள், கேட்காமலே. "அஞ்சு மணிக்கு நான் கெளம்புவேன். ஐந்தருவி வரைக்கும் போய்த் திரும்புனா முக்கால் மணி நேரம். காலேஜ்ல படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்தேன். இந்தக் காரை அவரு வாங்குனது நாலு பேரு பாக்கதுக்கு. ஒரு வருசமா உறை போட்டே நின்னுச்சு. ஒரு நாளு தொறந்து உள்ள உக்காந்தேன். அவ்வளவுதான், அப்புறம் என்னால வீட்டுக்குள்ள இருக்க முடியல."

"வியாழக்கிழமை என்ன ஆச்சு?"

"நீங்க நெனைக்கது இல்ல. அன்னைக்கு நான் ஓட்டல."

உமா உறையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"புதன்கிழமை அவரு உறையைத் தொட்டுப் பாத்துட்டாரு. வெளிப்பக்கம் காய்ஞ்சு கெடக்கு, உள்பக்கம் ஈரம். சாரல்ல நனைஞ்ச காருக்கு மேல போட்டா அப்படித்தான இருக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மறுநா விடியக்காலம் சாவியை எடுத்துக்கிட்டு அவரே போயிட்டாரு. நான் எங்க போறேன், யாரைப் பாக்கேன்னு தேடிப் போனாரு." அவள் உறையை ஒரு மடிப்பு மடித்தாள். "யாரைப் பாத்தாரு? அந்த வளைவைத்தான் பாத்தாரு. அந்த வண்டியை அவரு ஓட்டுனது அதுதான் மொத தடவை. உள்ள கெடந்த அலைன்மென்ட் பில்லைப் பாத்துத்தான் முத்துகுமரன் மேல பழியைப் போட்டுட்டாரு."

"கார் இழுத்துச்சா?"

"அலைன்மென்ட் பாத்தப்புறம் மூணு காலை ஓட்டுனேன். கோடு போட்ட மாதிரி போச்சு. பின்பக்கம் நழுவவே இல்ல."

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்."

உமா உறையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். "சொன்னா காரை வித்துருவாரு. அத்தோட இந்த முக்கால் மணி நேரமும் போயிரும். உங்களுக்குத் தெரியும்லா."

தெரியும். அதனால்தான் வேல்விழி மிரட்டவில்லை. "முத்துகுமரன் பொண்டாட்டி ஈரத்துணியை எடுத்துக்கிட்டு நின்னா. உங்க எடையை அழிக்கதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

காரில் ஏறியதும் எபனேசர் கேட்டான். "வருவாகளா?"

"தெரியல."

"நாம போய்ச் சொன்னா?"

"கேட்டதைச் சொன்னா வதந்தி. அவதான் சொல்லணும்."

ஐந்து நாற்பது. ஸ்டேஷன் வளாகத்தில் சிவப்பு கார் சுவரைப் பார்த்து நின்றது. கிரேனில் கொண்டுவந்து இறக்கியது. முன்பக்க இடது விளக்கு உடைந்திருந்தது, சக்கரங்களில் ஒரு கீறலும் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துவிட்டு, பிரேக் சரி, இழுப்பு இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"அப்போ ஓட்டிப் பாப்போம் சார்" என்றாள் வேல்விழி. "ஒரு வருசமா ஓட்டுன அண்ணாச்சியே இருக்காரே."

ரிஃபாத் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு சாவியை இசக்கிதுரையிடம் நீட்டினார். "பின்னால எடுத்து ரோட்டுக்குக் கொண்டு வாங்க."

இசக்கிதுரை காருக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். என்ஜின் உறுமியது. கியரை இழுத்தார், கார் முன்னால் குதித்துச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி முன்னால். அரைச் சாண்.

"ரிவர்ஸ் எங்கேன்னு கார் கிட்ட கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றான் எபனேசர்.

"குமிழுக்குக் கீழ ஒரு வளையம் இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அதைத் தூக்கிட்டுப் போட்டாத்தான் ரிவர்ஸ் விழும்."

உமா மகேஸ்வரி ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"வியாழக்கிழமை எப்படி வெளிய எடுத்தீங்க சார்?" என்றார் ரிஃபாத்.

இசக்கிதுரை ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உமாதான் பதில் சொன்னாள். "நான் எப்பவும் மூக்கு வெளிய பாக்க மாதிரிதான் நிறுத்துவேன். மறுநா சட்டுன்னு கெளம்பதுக்கு. அவருக்கு ரிவர்ஸே தேவைப்படல."

அவர் இறங்கினார். மனைவிக்கு எதிரே வந்து நின்றார். அந்தப் பெரிய உடம்பு என்ன செய்யுமோ என்று வேல்விழி ஓரடி முன்னால் வைத்தாள். அவர் கேட்டது ஒன்றுதான், மெதுவாக. "யாரும் இல்லியா அங்கன?"

"அருவிச் சத்தம் கேக்கும்" என்றாள் உமா. "வேற யாரும் இல்ல."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உமா காரில் ஏறினாள். வளையத்தைத் தூக்கினாள். கார் பின்னால் நழுவி வந்து, ஸ்டேஷன் வாசல் மேட்டில் கோணலாக ஏறிக் கோணலாக இறங்கி ரோட்டில் நின்றது. ரிஃபாத் பக்கத்து சீட்டில் குனிந்து நுழைந்தார். ஈரமான நேர் ரோடு. கார் வேகம் எடுத்தது. தூரத்திலிருந்தே வேல்விழிக்குத் தெரிந்தது, ஸ்டீரிங்கை விட்டு இரண்டு கைகளும் மேலே உயர்ந்ததும், கார் கோட்டை விட்டு அசையாமல் போனதும்.

அவளுடைய வலது தோளில் ஏதோ தளர்ந்தது.

திரும்பி வந்து இறங்கிய ரிஃபாத் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இழுக்கல. இன்னொரு தரம் கையை எடுக்காதீங்கம்மா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு." பிறகு உள்ளே பார்த்து, "முத்துகுமரனை வரச் சொல்லு" என்றார்.

சந்தனமாரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். வெளியே வந்த புருஷனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், ஹெல்மெட் போட்ட பெண்ணைப் பார்த்தாள். "இவுகளுக்காகவா வாயை மூடிக்கிட்டு இருந்தீக?" என்றாள். அதில் பாதி அழுகை, பாதி சண்டை. சண்டையை வீட்டுக்கு எடுத்துப் போவாள் என்று தெரிந்தது.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்ட்டி" என்றான் முத்துகுமரன். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உடைந்த விளக்கை அவன் பார்க்கவே இல்லை. குனிந்து பின்டயரின் உள்விளிம்பை விரலால் தடவினான்.

"அக்கா, ரெண்டாவது வளைவுல நழுவுதா இன்னும்?"

உமா சாவியைக் கையில் வைத்திருந்தாள். அதைப் பெஞ்சில் இருக்கும் புருஷனிடம் கொடுத்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கொடுக்கவில்லை.

"இல்ல தம்பி" என்றாள். "நல்லாப் பிடிச்சு நிக்குது."

வேல்விழியின் போன் அடித்தது. ஒரு நாளில் இரண்டாம் தரம் மஸ்கட் கூப்பிடுவது வழக்கமில்லை. சந்தேகம் வந்துவிட்டது போல.

"எங்க இருக்க?"

எபனேசர் கண்ணைச் சிமிட்டி, வாயை அசைத்து, 'டிவி' என்று சைகை காட்டினான்.

அவள் கேட்டுக்கு வெளியே நின்ற தன் பழைய காரைப் பார்த்தாள். ஒரு வருஷமாக இழுக்கிற கார்.

"குற்றாலம் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கேன்" என்றாள். "வேலையா வந்தேன். கொஞ்சம் இருங்க." போனைக் கையால் பொத்திக்கொண்டு முத்துகுமரன் பக்கம் திரும்பினாள். "என் வண்டியை நாளைக்குக் கொண்டு வாரேன் தம்பி. அறுபத்தெட்டு கிலோ."

"அறுபத்தெட்டா?" என்றான் எபனேசர். "அக்கா, நெஜத்தைச் சொல்லுங்க."

"எழுபத்து மூணு" என்றாள் வேல்விழி. பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் நின்றபடியே பேச ஆரம்பித்தாள்.